பெரியத்தான் பூசிய படகு

பெரியத்தானின் அடக்க ஆராதனையில் போதகர் சொன்னார், இந்த மனிதர் யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை என்று. தேவாலயத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அது பொய்யில்லை. அவர் குறை சொல்லமாட்டார். மற்றவர்களையும் சொல்லவிடமாட்டார். அதனால்தான் அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. செத்தவர்மேல் கோபம் வைக்கக்கூடாது என்பார்கள். இருந்திருந்தால் அதை அவரே முதலில் சொல்லியிருப்பார்.

என் கணவருக்கு மூத்த அண்ணன் அவர். எனக்குப் பெரியத்தான். சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தாய் தகப்பனையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, கார் தட்டிச் சாயம் அடிக்கும் பட்டறை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு முன் வரிசையில் நின்று பாடும்போதுகூட அவர் மேலிருந்து தின்னர் வாசம் வரும். தாட்டியான உடம்பு, தாட்டியான குரல். யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் ஒரு சட்டி பிரியாணியோடு போய் நிற்பார். குடும்பத்தில் எல்லாருக்கும் அவர் செல்லம். கல்யாணமான புதிதில் எனக்கும்தான்.

அவர் கைவேலையைக் குறை சொல்ல முடியாது. துரு தின்று கை நுழையும் அளவுக்கு ஓட்டையான காரை விட்டுவிட்டுப் போனால், ஓட்டையில் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாயம் அடித்துக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வைத்திருப்பார். உள்ளே துரு பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். அதை யாராவது கேட்டால் அவருக்குப் பிடிக்காது. "மேல பாத்தா போதும்லா. உள்ள நோண்டினா எதுதான் நல்லாருக்கும்?" என்பார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

ஒரு முறை பாரிட் புந்தாரில் ஒரு கல்யாணத்துக்கு அவர் சாயம் அடித்துக் கொடுத்த டாக்சியில்தான் போனோம். பாதி வழியில் என் மாமியாரின் தங்கை கால் மாற்றி வைத்தார். துருப்பிடித்த தரை விட்டுவிட்டது. செருப்பு ரோட்டில் போயிற்று. கால் தப்பியது, கர்த்தர் புண்ணியம். பெரியத்தான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கல்யாண வீட்டுக்குப் போகும் முன்பே ஒரு கடையில் நிறுத்தி, தவறவிட்டதைவிட நல்ல செருப்பாக வாங்கிச் சின்னம்மா காலில் தன் கையாலேயே மாட்டிவிட்டார். டாக்சித் தரையில் ஒரு தகரத்தைப் போட்டு, அதன்மேல் சிவப்புப் பாய் விரித்தார். அந்தக் கதையை நாங்கள் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இன்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஆஸ்பத்திரித் தாதி. புண் கட்டும் வார்டில் நிறைய நாள் வேலை பார்த்திருக்கிறேன். மேலே தோல் மூடி அழகாக ஆறின மாதிரி இருக்கும் புண்ணைத்தான் நாங்கள் அதிகம் சந்தேகப்படுவோம். அமுக்கினால் மெத்தென்று இருந்தால் உள்ளே சீழ். கீறித் திறந்து, சுத்தம் செய்து, அடியிலிருந்து ஆறவிட வேண்டும். நோயாளி கத்துவார், திட்டுவார். கட்டு கட்டும் கைக்கு அது பழகிவிடும். வீட்டுக்கு வந்தும் என் கை அப்படித்தான் இருந்தது. ஒன்று மெத்தென்றிருந்தால் அமுக்கிப் பார்க்காமல் இருக்க முடியாது. பெரியத்தான் மாதிரி ஒருவர் இருக்கும் வீட்டில் இது எடுபடுமா?

முதல் முட்டல் என் மாமனாரின் இருமலில் வந்தது. கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாமனார் விடாமல் இருமிக்கொண்டிருந்தார், சாயங்காலமானால் காய்ச்சல், ஆள் இளைத்துக்கொண்டே போனார். நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும், எலும்புருக்கியாக இருக்கலாம் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன். பெரியத்தான் கோபப்படவில்லை. அவர் கோபமே படமாட்டார். கறியை என் பக்கம் தள்ளிவைத்து, "தங்கச்சி, வாயில நல்ல வார்த்தை வரணும்மா. அந்தப் பேர இந்த வீட்ல சொல்லாத" என்றார். ஜெபித்துக்கொள்ளலாம் என்றார். ஜெபத்துக்கும் படத்துக்கும் என்ன சண்டை என்று கேட்டதற்கு, விசுவாசம் குறைந்தவர்கள் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் மாமனாரை நானே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். எலும்புருக்கிதான். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். வீட்டில் அதை எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? அவள் சொன்னாள், சொன்ன மாதிரியே வந்துவிட்டது. எனக்குக் கருநாக்கு என்று பேர் வைத்தது அப்போதுதான். ஞானஸ்நானம் பெற்று மூன்று தலைமுறையான குடும்பம். வீட்டில் ராகுகாலம் பார்க்கமாட்டார்கள், எலுமிச்சம்பழம் கட்டமாட்டார்கள். இந்தக் கருநாக்கு மட்டும் கப்பலில் கூடவே வந்து, ஞானஸ்நானத் தண்ணீரிலும் கரையாமல் நின்றுவிட்டது.

படகுக் கதைக்கு வருகிறேன்.

தோட்டத்துத் துரைகளில் கடைசியாக இருந்தவர்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. அதில் ஒரு துரையின் காருக்குப் பெரியத்தான்தான் வழக்கமாகச் சாயம் அடிப்பார். அந்தத் துரையிடம் கடலோரம் லூமுட்டில் ஒரு பாய்மரப் படகு இருந்தது. போகிற அவசரத்தில் அதைப் பெரியத்தானுக்கே கொடுத்துவிட்டுப் போனார், வெகு மலிவாக. இந்த ஒரு விஷயத்தில் நான் பெரியத்தானைப் புரிந்துகொள்கிறேன். அவர் அப்பா துரைக்குக் குடை பிடித்தவர். மகன் துரை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பாய் விரிக்கிறார். முதல் நாள் போதகர் வந்து படகின் மூக்கில் எண்ணெய் தடவி ஜெபம் செய்தார். என் மாமனார் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு எனக்கும் கண் கலங்கியது.

மாதம் ஒரு முறை குடும்பத்தோடு பங்கோர் தீவுப் பக்கம் போவோம். பெரியத்தானும் என் கணவரும் படகோட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள். என் கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை செய்தார். நாள் முழுக்க நடை. ஆள் கொக்கு மாதிரி இருப்பார். படகில் அங்கேயும் இங்கேயும் தாவுவது அவர்தான்.

ஒரு நாள் வெறுங்காலோடு மேல்தளத்தின் ஓரமாக நடந்தேன். ஓரத்தில் இரும்புக் குச்சிகள் வரிசையாக நிற்கும், அவற்றில் கம்பி கட்டியிருக்கும். ஆள் கடலில் விழாமல் பிடித்துக்கொள்ள அதுதான். ஒரு குச்சியின் அடியில் கால் வைத்தபோது தரை கீழே போய் மேலே வந்தது. மெத்தென்று இருந்தது. குனிந்து விரல் முட்டியால் தட்டினேன். நடுவில் கணீரென்றது, அந்தக் குச்சியைச் சுற்றி மொத்தென்றது. நீர் கோத்த நெஞ்சை டாக்டர் தட்டும்போது வருமே, அந்தச் சத்தம். தட்டிக்கொண்டே போனேன். நாலைந்து குச்சிக்கு அப்படித்தான் இருந்தது. பாய்மரத்தை இழுத்துக் கட்டியிருந்த தடித்த கம்பியின் அடியிலும் அப்படித்தான்.

அந்த மாதிரிப் படகில் மேல்தளம் ஒரே பலகை இல்லை. மேலே ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் மரம். ரொட்டிக்கு நடுவே காயா ஜாம் தடவின மாதிரி. குச்சியை முடுக்கிய போல்ட்டு ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் நடுவில் இருக்கும் மரம் ஊறும். தோல் இரண்டும் மூடியிருப்பதால் காயாது. வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்து மக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். இதெல்லாம் எனக்குப் பெரியத்தானே சொன்னது. அதுதான் கேவலம். நான் போய்ச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை.

"துரையே சொன்னாருலா. ஓரம் ஊறிப்போச்சு, மேல்தோல வெட்டித் தொறந்து மரத்த மாத்தணும்னு. அதுக்குத்தான் வெலையக் கொறச்சாரு. வெள்ளக்காரனுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்மா. இத்தன நாளு ஓட்டுறேன், என்னா ஆச்சு?"

"அதத் தொறக்காம புள்ளைங்கள ஏத்தக்கூடாது, பெரியத்தான். யாராச்சும் அந்தக் கம்பியில சாஞ்சா குச்சியோட போயிருவாங்க."

படகில் இருந்த எல்லாருக்கும் கேட்டுவிட்டது. பெரியத்தான் எழுந்து வந்தார். நான் தட்டின இடத்தில் அந்தத் தாட்டியான உடம்போடு ஏறி நின்று, இரண்டு குதி குதித்தார். தரை நெளிந்தது, உடையவில்லை. "பாத்தியா? இன்னும் பத்து வருஷம் தாஹான் ஆவும்" என்றார், தாங்குமாம். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் கணவர் என் காதருகே வந்து, அண்ணனை ஏன் நாலு பேர் முன்னால் இப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார். எல்லாரையும்விட அவர் கேட்டதுதான் வலித்தது.

அடுத்த முறை போனபோது அந்த ஓரம் முழுக்கப் புதுசாக இருந்தது. போல்ட்டு ஓட்டைகளில் பட்டி. அதன்மேல் ஃபைபர் துணி ஒட்டி, கால் வழுக்காமலிருக்க மணல் கலந்து, பச்சைச் சாயம் அடித்திருந்தார். நிஜமாகவே அழகாக இருந்தது. கால் வைத்துப் பார்த்தேன், முன்னைவிட விறைப்பாகவும் இருந்தது. உள்ளே இருந்த ஈரத்தை இன்னும் இறுக்கி மூடிவைத்திருக்கிறார். வார்டில் ஒரு தாதி சீழ் வைத்த புண்ணின்மேல் இப்படிப் பிளாஸ்திரி ஒட்டினால் வேலை போய்விடும். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, படகு கட்டும் ஜெட்டிப் பாலத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். கருநாக்குக்குக் கோபம் என்று சொல்லிக்கொண்டு படகு போயிற்று.

என் கணவர் விழுந்தது ஈஸ்டருக்கு மறுநாள். அன்றைக்கும் நான் பிள்ளைகளோடு ஜெட்டியில்தான் இருந்தேன். படகு திரும்பி வந்து ஜெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஓரத்துக் கம்பியில் இடுப்பைச் சாய்த்து, ஜெட்டிக்குத் தாவ எம்பினார். அந்த நேரம் பார்த்து ஒரு ஃபெரி போய் அலை தூக்கியது. குச்சி வேரோடு பிடுங்கின மரவள்ளி மாதிரி தரையைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவர் படகுக்கும் ஜெட்டித் தூணுக்கும் நடுவே விழுந்தார். அலை படகைத் தூக்கி அவர்மேல் வைத்து அழுத்தியது. அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

முதலில் குதித்தது பெரியத்தான்தான். அதை நான் மறைக்கமாட்டேன், நான் அவர் இல்லை. தன் முதுகைத் தூணில் முட்டுக்கொடுத்து, இரண்டு காலாலும் படகைத் தள்ளிப் பிடித்து, தம்பியின் தலை முழுகாமல் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் முதுகுத் தோல் பாதி உரிந்துபோயிற்று. அவர் இல்லையென்றால் என் கணவர் அன்றே போயிருப்பார். இதையும் சேர்த்துத்தான் நான் அவரைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஜெட்டியில் அந்தக் குச்சி கிடந்தது. நான்கு போல்ட்டும் நட்டோடு அப்படியே இருந்தன. அவை பிடித்திருந்த மரம்தான் இல்லை. கறுப்பாகக் கூழ் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஆம்புலன்சுக்குள் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். முதுகில் ரத்தம் வழிய, பெரியத்தான் குந்தி உட்கார்ந்து அந்தக் குச்சியைக் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார்.

இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. ஈப்போவில் இரண்டு முறை அறுத்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் கட்டில்தான். பார்க்க வந்தவர்களிடம் பெரியத்தான், கால் வழுக்கிவிட்டது என்று சொன்னார். ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். கொஞ்ச நாளில் என் கணவரும் கால் வழுக்கிவிட்டது என்றே சொல்ல ஆரம்பித்தார். பெண்கள் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேலாவது வாயைக் கட்டும்மா என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஒருத்திகூட அந்தப் படகைப் பற்றிப் பேசவில்லை. மரம் மக்கியது குற்றமில்லை, மக்கியிருக்கிறது என்று சொன்னதுதான் குற்றம். என்ன ஜென்மங்கள் இவர்கள் என்று நான் இரவெல்லாம் பல்லைக் கடித்திருக்கிறேன்.

ஞாயிறு தவறாமல் பெரியத்தான் வருவார். ஆராதனை முடிந்து நேராக, பழத்தோடு. தம்பியைத் தூக்கி உட்காரவைத்து, சவரம் செய்துவிட்டு, முகத்துக்குப் பவுடர் போட்டுவிட்டு, "நல்லாயிட்டான்லா, பாரு" என்பார். நான் அந்தப் பக்கம், படுத்தே கிடந்து என் கணவருக்கு வந்த முதுகுப் புண்ணுக்கு மருந்து எடுத்துக்கொண்டு நிற்பேன். நான் கட்டை அவிழ்ப்பதற்குள் அவர் வெளியே போய்விடுவார். ஒரு தடவைகூட அந்தப் புண்ணைப் பார்த்ததில்லை.

மூன்றாம் வருஷம், படகு விலை போகிறது என்று பெரியத்தானின் மனைவி வாய்தவறிச் சொன்னார். ஹுத்தான் மெலிந்தாங்கில் லாரி வைத்திருக்கும் நம் ஆள் ஒருவர் வாங்குகிறாராம். சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் பங்கோரைச் சுற்றிக் காட்டப்போகிறாராம். சனிக்கிழமை வந்து பார்க்கிறாராம். பழைய இடமெல்லாம் சரிசெய்து சாயம் அடித்தாயிற்று, இப்போது நீலம் என்றார்.

சனிக்கிழமை காலையில் என் கணவருக்குப் பக்கத்து வீட்டு அக்காளைத் துணைக்கு வைத்துவிட்டு, தேங்காய் வெட்டும் பாராங் கத்தியை நாளிதழில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போனபோது வாங்குகிறவர் தன் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் படகில் நின்றிருந்தார். சின்னது ஓரத்துக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியத்தான் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வாம்மா தங்கச்சி என்றார். பிள்ளையைத் தூக்கித் தாயின் கையில் கொடுத்தேன். குந்தி உட்கார்ந்து, நீலச் சாயத்தின்மேல் பாராங்கை ஓங்கிப் போட்டேன். முதல் வெட்டில் வெறும் கீறல். நான் நிறுத்தவில்லை. பெரியத்தான் என்னைத் தொடவும் முடியாமல் தடுக்கவும் முடியாமல் நின்றார். தம்பி மனைவியைத் தொடக்கூடாது என்பதை அவர் அந்த நேரத்திலும் மறக்கவில்லை. தோல் விட்டது. வெட்டுவாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஊறி வந்தது. நாற்றம் அடித்தது.

பெரியத்தான் வாங்க வந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி சம்சாரம்லா. வீட்ல ரொம்ப கஷ்டம். மனசு சரியில்ல, பாவம்."

என்மேலும் பட்டி வைத்துச் சாயம் அடித்துவிட்டார்.

"கைய உள்ள உட்டுப் பாருங்கண்ணே," என்றேன் வந்தவரிடம்.

அவர் விட்டார். மணிக்கட்டுவரை போயிற்று. ஒரு பிடி கறுப்புக் கூழை வெளியே எடுத்து, முகர்ந்து, தன் மனைவியைப் பார்த்தார். பிறகு பெரியத்தானைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணே, என் புள்ளைங்களத்தான் மொத ஏத்துறதா இருந்தேன்," என்றார். கையைக் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டு, குடும்பத்தோடு இறங்கிப் போய்விட்டார்.

பெரியத்தான் ஒரு கித்தானை எடுத்துவந்து அந்த ஓட்டையின்மேல் போட்டு, நான்கு மூலையையும் கட்டினார். பிறகு என்னைக் காரில் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டுவந்து விட்டார். பஸ்ஸில் போகிறேன் என்றதற்கு, பெண் பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்றார். வீட்டு வாசலில், "எல்லாத்தையும் தொறந்து காட்டி என்னாம்மா கண்ட?" என்று கேட்டார். அவர் கண் நனைந்திருந்தது. பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. குடும்பமும் வரவில்லை. படகை யாருக்கும் விற்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. கித்தான் கட்டியபடியே கிடந்து ஒரு மழைக்காலத்தில் முழுகிப்போயிற்று என்று கேள்வி.

அன்று உள்ளே போனதும் என் கணவர் கேட்டார், எங்கே போயிருந்தாய் என்று. சொன்னேன். அண்ணனைப் பற்றி ஏதாவது சொல்வார், சண்டை வரும் என்று தயாராகவே இருந்தேன். அவர் கூரையைப் பார்த்தபடியே, "உள்ள எப்படி இருந்துச்சு?" என்றார்.

பாராங்கைச் சுற்றிப்போன நாளிதழில் ஒரு கட்டி எடுத்து வந்திருந்தேன். அதை அவர் கையில் வைத்தேன். விரலால் அழுத்திப் பார்த்தார். பழுப்புத் தண்ணீர் வழிந்து விரிப்பில் இறங்கியது. இன்னும் அழுத்தினார். அது மரம் என்று சொல்லவே முடியாதபடி கையில் கரைந்துபோயிற்று.

"அப்போ நீ சொன்னதால இல்ல," என்றார்.

மூன்று வருஷம். குளிப்பாட்டி, ஊட்டி, மூத்திரம் எடுத்து, இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைத்த மூன்று வருஷமும் இந்த மனுஷன் மனதுக்குள் இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டதில்லை. அவரும் அந்த அண்ணனின் தம்பிதானே. எனக்குக் கோபம் வந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

விரிப்பு நனைந்துவிட்டது. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து அதை உருவி எடுத்தேன்.